சுவர் மறைத்த குறை: எரிக் மௌசம்பானியின் 100 மீட்டர்

2000 செப்டம்பர் 19, சிட்னி. ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலின் முதல் தகுதிச் சுற்று. அதில் மூன்றே பேர்: நைஜரின் கரீம் பாரே, தஜிகிஸ்தானின் ஃபர்கோத் ஒரிபோவ், ஈக்வடோரியல் கினியின் எரிக் மௌசம்பானி. நீச்சல் இன்னும் வேரூன்றாத நாடுகளுக்கென்று ஒலிம்பிக்கில் உள்ள சிறப்பு ஒதுக்கீட்டில் வந்தவர்கள். தொடக்க ஒலி எழும் முன்பே பாரேயும் ஒரிபோவும் குளத்தில் விழுந்துவிட்டார்கள். ஒருமுறை அவசரப்பட்டாலே வெளியேற்றம் என்பது விதி. எனவே ஏறக்குறைய 17,000 பேர் பார்த்துக்கொண்டிருக்க, மௌசம்பானி தனி ஆளாக நீந்தினார்.

அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 52.72 விநாடி. அதே நாள் அரையிறுதியில் நெதர்லாந்தின் பீட்டர் வான் டென் ஹூகன்பாண்ட் 100 மீட்டரை 47.84 விநாடியில் கடந்து உலக சாதனை படைத்தார். அதற்கு முந்தைய நாள் 200 மீட்டர் இறுதிப் போட்டியை அவர் 1:45.35-இல் முடித்திருந்தார். அதாவது, அதில் பாதித் தூரத்தைக் கடக்க மௌசம்பானிக்கு அதைவிட ஏழு விநாடி கூடுதலாகப் பிடித்தது.

பத்திரிகைகள் அவருக்கு 'விலாங்கு எரிக்' என்று பட்டப்பெயர் சூட்டின. பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கண்கலங்கினார்கள். இரண்டு தரப்புமே நீச்சலைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். பெரியவர்களுக்கு ஃப்ரீஸ்டைல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்தக் காணொளியைப் பார்க்கும்போது எனக்கு நகைச்சுவையும் தெரிவதில்லை, வீரகாவியமும் தெரிவதில்லை. என் வகுப்புக்கு வரும் முப்பது வயதுக்காரர்களும் நாற்பது வயதுக்காரர்களும் செய்கிற அதே பிழைகள், அதே வரிசையில், உலகமே பார்க்க நடக்கின்றன. வயதுவந்தபின் ஃப்ரீஸ்டைல் கற்பது எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆகவே இந்த ஆய்வு.

கற்றுக்கொண்ட இடம்

மௌசம்பானிக்கு அப்போது வயது 22. போட்டிக்கு ஏறக்குறைய எட்டு மாதங்களுக்கு முன்புதான் நீச்சல் பழகத் தொடங்கினார். வானொலியில் வந்த அறிவிப்பைக் கேட்டுத் தலைநகர் மலாபோவில் ஒரு ஹோட்டலுக்குத் தேர்வுக்காகப் போனார். ஆண்களில் வந்திருந்தவர் அவர் ஒருவர்தான். உடன் வந்திருந்த பெண் பவுலா பரிலா போலோபா. இருவரும் அப்படியே தேர்வாகிவிட்டார்கள்.

நாட்டில் அப்போது போட்டிக்குரிய 50 மீட்டர் குளம் ஒன்றுகூட இல்லை. பயிற்சியாளரும் இல்லை. பயிற்சிக்குக் கிடைத்தது அதே ஹோட்டல் குளம், அதுவும் விருந்தினர்கள் எழுந்து வருவதற்குள், விடியற்காலை ஒரு மணி நேரம். அதன் நீளத்தை 12 மீட்டர் என்று ஒரு பேட்டியும் 20 மீட்டர் என்று இன்னொரு பேட்டியும் சொல்லும். எதை எடுத்துக்கொண்டாலும் சிட்னிக் குளத்தின் பாதி நீளம்கூட அது இல்லை. மீதி நேரத்தில் கடலிலும் ஆற்றிலும் பழகினார். கையை எப்படிப் போட வேண்டும், காலை எப்படி உதைக்க வேண்டும் என்று சொல்லித்தந்தவர்கள் உள்ளூர் மீனவர்கள். 50 மீட்டர் குளத்தை முதன்முதலாக அவர் கண்ணால் பார்த்ததே சிட்னியில்தான். அங்கே தென்னாப்பிரிக்க அணியின் பயிற்சியாளர் ஒருவர் கண்ணாடியும் நீச்சல் உடையும் கொடுத்துச் சில நுணுக்கங்களையும் காட்டியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் மூன்று செய்திகள் பொதிந்திருக்கின்றன: சிறு குளம், கடல் தண்ணீர், மீனவர் நீச்சல். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு குறையை உண்டாக்கியது, அல்லது இருந்த குறையை மறைத்தது. அதற்குள் போகுமுன் போட்டியில் நடந்ததைப் பார்த்துவிடலாம்.

காணொளியில் தெரிவது

பாய்ச்சல் மோசமில்லை. தண்ணீரில் விழுந்து மேலே வந்து கைகளை வீசத் தொடங்குகிறார். முதல் நீளத்தின் பெரும்பகுதி, நீச்சல் தெரியாதவர் பார்த்தால் ஃப்ரீஸ்டைல் என்றே சொல்லக்கூடிய ஒன்றுதான். வேகமும் இருக்கிறது. ஆனால் தலை நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கிறது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே நீந்துகிறார். கைகள் நீளமாகப் போய் நீரைப் பிடிப்பதில்லை, மேலிருந்து அடித்து இறங்குகின்றன. முழங்கால் மடங்கிக் கால் உதைக்கிறது.

திரும்பியபின் கதை மாறுகிறது. கைகளின் வேகம் குறைகிறது, இடுப்பு தாழ்கிறது, உடல் படுக்கை நிலையிலிருந்து மெல்ல மெல்லச் சாய்கோட்டுக்கு வருகிறது. கடைசி 15 மீட்டரில் கை போகிறது, ஆள் நகரவில்லை. இருந்த இடத்திலேயே இருப்பதுபோல் தோன்றியது, கால்கள் இருப்பதே தெரியவில்லை என்ற பொருளில் அவர் பேட்டிகளில் பேசியிருக்கிறார். அது மிகைப்படுத்தல் இல்லை. அந்த நிலையில் ஒரு மனிதனுக்கு அப்படித்தான் இருக்கும். அரங்கம் எழுந்து நின்று கத்தியது, அவர் எப்படியோ சுவரைத் தொட்டார்.

முதல் 50 மீட்டருக்கு ஆன நேரத்தைவிட இரண்டாவது 50 மீட்டருக்கு மிக அதிக நேரம் ஆனது. உலகத் தர வீரர்களுக்கும் இரண்டாம் பாதி சற்று மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே வித்தியாசம் ஓரிரு விநாடி. இங்கே நடந்தது சரிவு.

"தெம்பு போதவில்லை" என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். நான் அதை ஏற்கவில்லை. 22 வயது, உறுதியான உடல், கூடைப்பந்து ஆடிப் பழகியவர். தரையில் இரண்டு நிமிடம் ஓடச் சொல்லியிருந்தால் மூச்சு வாங்கியிருக்குமே தவிர நின்றிருக்க மாட்டார். தண்ணீரில் இரண்டு நிமிடத்துக்குள் அவர் உடல் நின்றுபோனதற்குக் காரணம் தெம்பின் அளவு இல்லை. அது செலவான வழி.

தலையும் காலும்

மனித உடலில் மிதவை இருப்பது நெஞ்சில். நுரையீரல் முழுக்கக் காற்று. எடையின் மையம் அதற்குக் கீழே, இடுப்பை ஒட்டி. இந்த இரண்டும் ஒரே இடத்தில் இல்லாததால், நீரில் சும்மா படுத்தாலே கால்கள் தாழத்தான் பார்க்கும். ஒல்லியான, தசை இறுகிய ஆண்களுக்கு இது இன்னும் அதிகம். பெண்களுக்குப் பொதுவாகக் கால் அவ்வளவு வேகமாகத் தாழ்வதில்லை. வகுப்பில் முதல் வாரம் மனைவி மிதந்துவிடுவதும், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் கணவர் தவிப்பதும் இதனால்தான். கணவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை.

இப்போது தலையைத் தூக்கினால்? கிணற்று ஏற்றத்தின் ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை இறங்குவதுபோல, தலை உயர உயரக் கால் இறங்கும். கால் இறங்கிவிட்டால் முன்னே போகும் உடல் ஒரு மெல்லிய கோடாக இருப்பதில்லை, ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தித் தள்ளுவதாகிவிடுகிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதில் தடை என்பது வேகத்தின் இருமடியாக ஏறும், அதை எதிர்த்துச் செலவிட வேண்டிய திறன் மும்மடியாக ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு திறன் தேவை. நன்றாகப் பழகிய நீச்சல்காரர்களிடமே, உடல் எரிக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நீரைத் தள்ளும் வேலையாக மாறுகிறது. புதிதாகக் கற்பவரிடம் அதிலும் பெரும்பகுதி தாழ்ந்த காலைத் தூக்கிப்பிடிப்பதிலேயே கரைந்துபோகும்.

மௌசம்பானியின் கால் உதை அப்படிப்பட்டதுதான். அது அவரை முன்னே தள்ளவில்லை, மூழ்காமல் பார்த்துக்கொண்டது. தொடைத் தசைகள் உடலிலேயே பெரியவை, ஆக்சிஜனை அள்ளிக் குடிப்பவை. முழங்காலை மடக்கி உதைத்தால் பாதம் நீரைப் பின்னே தள்ளுவதற்குப் பதில் கீழே தள்ளுகிறது, தொடை முன்னே வந்து தடைபோடுகிறது. இவ்வளவு செலவுக்கும் கிடைக்கும் வரவு மிகச் சொற்பம்.

மீனவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அவர்கள் சொல்லித்தந்தது அவர்களுக்குத் தேவைப்படும் நீச்சல். படகிலிருந்து விழுந்தவன் அலை எந்தப் பக்கம் வருகிறது, படகு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே நீந்த வேண்டும். அதற்குத் தலை மேலேதான் இருக்க வேண்டும். நம் ஊர்க் கிணற்று நீச்சலும் அதே வகைதான். முதுகில் சுரைக்குடுக்கையையோ லாரி டியூபையோ கட்டி இறக்கிவிட்டு, தண்ணீர் பயம் போனதும் அவிழ்த்துவிடுவார்கள். கரையில் நிற்பவனோடு பேசிக்கொண்டே நீந்துவது அங்கே ஒரு பெருமை. கிணற்றில் ஆடித் திளைத்து வளர்ந்தவர்கள் குளத்துக்கு வந்து ஃப்ரீஸ்டைல் கேட்கும்போது, தண்ணீருக்கு அஞ்சாத அவர்களுக்கும் தலையைத் தாழ்த்த மட்டும் மனம் வருவதில்லை. ஒன்றும் தெரியாமல் வருபவரைவிட அவர்களுக்கு எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

கடல் தண்ணீரின் பங்கு நுட்பமானது. உப்பு நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை விழுக்காடு அடர்த்தி கூடியது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் முழுக்க அமிழ்ந்திருக்கும்போது கடல் அவரை ஒன்றேமுக்கால் கிலோ அளவுக்கு அதிகமாகத் தாங்கும். மிதப்பதா மூழ்குவதா என்பது இந்த அளவு வித்தியாசத்திலேயே தீர்மானமாகிவிடும். கடலில் சரியாகப் படுத்திருந்த கால், குளத்தில் தாழும். கடலில் பழகியவருக்குத் தன் உடல் நிலை சரியாகவே இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டிருக்கும், குளம் அதைக் கலைத்துவிடும்.

மூச்சுக் கடன்

சரிவின் நேரடிக் காரணம் மூச்சு. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூச்சு முட்டுகிறது என்று உடல் கூச்சலிடுவது ஆக்சிஜன் தீர்ந்ததால் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கூச்சலை எழுப்புவது இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. புதிதாக நீந்துபவர் முகம் தண்ணீருக்குள் போனதும் அனிச்சையாக மூச்சை அடக்கிக்கொள்கிறார். காற்று உள்ளேயே நிற்கிறது, கரியமில வாயு ஏறுகிறது. பிறகு தலையைத் தூக்குகிறார். வாய் வெளியே இருக்கும் அந்த அரை விநாடிக்குள் பழைய காற்றை வெளியே விடவும் வேண்டும், புதுக் காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டும் நடக்காது. பாதி விட்டு, பாதி இழுத்து, மறுபடி முகம் உள்ளே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கடன் மிஞ்சுகிறது.

முதலில் கடன் தெரியாது. தசைகள் முதல் சில விநாடிகளுக்குக் கையிருப்பில் ஓடும். அடுத்து ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு ஆக்சிஜன் துணை இல்லாமலே சர்க்கரையை உடைத்து ஓட்டும். அந்த நேரம் தீரும்போது தோளும் தொடையும் எரியத் தொடங்கும், கை கனக்கும், கூடவே பீதியும் சேரும். பீதி வந்தால் தலை இன்னும் உயரும், கால் இன்னும் தாழும், செலவு இன்னும் கூடும். மௌசம்பானியின் இரண்டாவது நீளம் நடந்தது இப்படித்தான். அவர் முழு வேகத்தில் தொடங்கியதும் சேர்ந்துகொண்டது. ஒலிம்பிக்கில், தனி ஆளாக, அவ்வளவு கூட்டத்தின் நடுவே யார் நிதானமாகத் தொடங்குவார்கள்?

நான் வகுப்பில் பார்ப்பதை ஒன்று சொல்கிறேன். நெஞ்சளவு நீரில் நிற்கும் ஒருவரை, முகத்தை உள்ளே விட்டு மூக்கால் 'ம்ம்ம்' என்று முனகச் சொல்வேன். குமிழி வர வேண்டும். முதல் முறை பெரும்பாலும் வராது. கன்னம் உப்பியிருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், கண்ணாடிக்குள் கண் இறுக மூடியிருக்கும். இன்னொரு முறை என்றால் ஒரேயடியாகப் 'புஸ்' என்று அத்தனை காற்றையும் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். சீராக, நூல் பிடித்ததுபோல், முகம் உள்ளே இருக்கும்வரை நிற்காமல் குமிழி வருவது வேறு. அது வந்த நாளில் அவருடைய தோள் இரண்டு அங்குலம் கீழே இறங்குவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். கை வீச்சு, கால் உதை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு இதில் பொறுமை இருப்பதில்லை. "மூன்று வகுப்பாகக் குமிழி விடுகிறோம், எப்போது சார் நீந்துவது?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூச்சுப் பயிற்சி என்பது மூச்சை அடக்கும் பயிற்சி இல்லை. வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் நீண்ட நேரம் இருக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. அப்படிச் செய்தால் கரியமில வாயு குறைந்து, உடல் எச்சரிக்கை எழுப்பும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் இறந்திருக்கிறார்கள்.

சுவர் செய்த வேலை

மேலே சொன்ன குறைகள் எல்லாம் எட்டு மாதப் பயிற்சியில் ஏன் தெரியவரவில்லை? எனக்கு இந்த நிகழ்வில் முக்கியமாகப் படும் கேள்வி இது.

13 மீட்டர் குளம் என்று வைத்துக்கொள்வோம். சுவரைக் காலால் உந்தினால் மூன்று, நான்கு மீட்டர் சும்மாவே போய்விடலாம். மிச்சம் ஒன்பது, பத்து மீட்டர். புதிதாகக் கற்பவருக்கும் அது பத்துப் பன்னிரண்டு கைவீச்சுதான். அதை ஒரே மூச்சில், தலையைத் திருப்பாமலே கடந்துவிடலாம். கடந்ததும் சுவர் வருகிறது. கை பிடிக்கிறது, உடல் நிமிர்கிறது, வாய் திறந்து இரண்டு முறை நன்றாக மூச்சு வாங்குகிறது. கடன் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பிறகு திரும்பி மறுபடி உந்தல். இப்படி ஒரு மணி நேரம் போய்வந்தாலும் அவர் ஒருமுறைகூடத் தொடர்ந்து பதினைந்து விநாடிக்கு மேல் நீந்தியிருக்க மாட்டார். தினமும் நீந்துகிறோம், தினமும் கூடுதலாக நீந்துகிறோம் என்ற உணர்வு மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

சுவரின் உதவி சின்னதில்லை என்பதை உச்சத்தில் இருப்பவர்களின் நேரங்களே சொல்லும். 25 மீட்டர் குளத்துக்கும் 50 மீட்டர் குளத்துக்கும் உலக சாதனைகள் தனித்தனியாகத்தான் பதிவாகின்றன. 2021-இல் ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டரை 44.84 விநாடியில் நீந்தினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் குளத்தில் சீனாவின் பான் ஜான்லே உலக சாதனை படைத்தது 46.40 விநாடியில். உலகின் மிகச் சிறந்தவர்களுக்கே கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு சுவர்கள் இவ்வளவு உதவுகின்றன. மூச்சு விடத் தெரியாதவருக்குச் சுவர்தான் நுரையீரல்.

50 மீட்டர் குளத்தின் நடுவில் அந்த நுரையீரல் இல்லை. எட்டுகிற தூரத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, தரை கால்படும் ஆழத்தில் இல்லை. மௌசம்பானி ஒரு குளத்தில் முதன்முதலாக இவ்வளவு தூரம் சுவரே இல்லாமல் நீந்த வேண்டியிருந்த இடம் ஒலிம்பிக். பவுலா பரிலா போலோபாவுக்கும் அதுவேதான் நேர்ந்தது. சில நாள் கழித்துப் பெண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1:03.97. அதில் தங்கம் வென்ற நெதர்லாந்தின் இங்கே டி பிரயுன் முடித்தது 24.32-இல். ஒரே குளத்தில் பழகிய இருவருக்கும் ஒரே வகைச் சரிவு என்றால், அதைத் தனிமனித பலவீனம் என்று சொல்லிவிட முடியாது.

இன்று சென்னை, கோயம்புத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கட்டப்படும் குளங்களில் பெரும்பாலானவை மலாபோ ஹோட்டல் குளத்தின் அளவில்தான் இருக்கின்றன. சில வட்டமாக, சில சிறுநீரக வடிவத்தில். "எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் ஸ்டாமினா இல்லை" என்று சொல்லிக்கொண்டு அங்கிருந்து வருபவர்கள் நிறையப் பேர். 25 மீட்டரில் இறக்கிவிட்டால் பதினைந்தாவது மீட்டரில் நின்றுவிடுகிறார்கள். ஸ்டாமினாவுக்காக டிரெட்மில்லில் ஓடிப் பார்த்தவர்களும் இவர்களில் உண்டு. ஓட்டம் நெஞ்சுக்கு நல்லது, குமிழி விடக் கற்றுத்தராது.

அதற்குப் பின்

என் வாதத்துக்கு வலுவான ஆதாரம் மௌசம்பானியின் அடுத்த நான்கு ஆண்டுகள். அவர் நீச்சலை விடவில்லை. 2004 வாக்கில் 100 மீட்டரில் 57 விநாடிக்கும் குறைந்த நேரத்தை எட்டிவிட்டதாகச் செய்திகள் வந்தன. சிட்னி நேரத்தில் ஏறக்குறைய பாதி. விசாக் குளறுபடியால் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நீந்த முடியாமல் போனது. 2012-இல் தன் நாட்டு நீச்சல் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

அந்த 57 விநாடியை எண்ணிப் பாருங்கள். நான்கு ஆண்டில் ஒருவரின் இதயமும் நுரையீரலும் இரண்டு மடங்கு பெரிதாகிவிடுவதில்லை. 22 வயதில் பிறவி வரம் புதிதாக வந்து சேர்வதும் இல்லை. மாறியது படுத்த நிலை, மூச்சு, கை நீரைப் பிடிக்கும் விதம். வயதுவந்தபின் கற்றால் உடம்பு வளையாது, சிறு வயதிலேயே கற்றிருக்க வேண்டும் என்று என்னிடம் சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

வரிசையை மாற்றினால்

மௌசம்பானியின் நிலையில் ஒருவர் இன்று என்னிடம் வந்தால், அவர் பழகிய வரிசையைக் கிட்டத்தட்டத் தலைகீழாக்குவேன். அவர் கை, கால், வேகம், தூரம் என்று போனார். மூச்சு தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டார். தானாக வருவதில்லை.

முதலில் குமிழி. அது சீரானபின் மிதத்தல்: முகம் கீழே, பார்வை குளத்தின் தரையில் நேர் கீழே, பிடரி நீண்டிருக்க வேண்டும், கைகள் முன்னே. கால் தாழும், தாழட்டும். நெஞ்சைச் சற்றே நீரில் அழுத்தினால் இடுப்பு எழுவது தெரியும். அதை ஒருமுறை உணர்ந்தவருக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அடுத்து சுவரை உந்தி வழுக்கிப் போவது, எதையும் செய்யாமல். எவ்வளவு தூரம் போகிறார் என்பதைவிட எவ்வளவு நேராகப் போகிறார் என்பதையே பார்ப்பேன்.

கால் உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்க வேண்டும், கணுக்கால் துணிபோலத் துவள வேண்டும். ஓட்டப் பழக்கம் உள்ள பெரியவர்களுக்குக் கணுக்கால் விறைத்திருக்கும். பாதம் கொக்கியாக நின்றால் உதைக்க உதைக்கப் பின்னோக்கிப் போவார்கள். கேலியாகச் சொல்லவில்லை, கிக்போர்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகக் கிக்போர்டிலேயே வாரக்கணக்கில் உதைக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பலகையைப் பிடித்தால் தலை உயர்ந்துவிடுகிறது, எதை மறக்க வைக்கப் பாடுபட்டோமோ அதையே பலகை நினைவூட்டுகிறது. பல பயிற்சியாளர்கள் இதில் என்னோடு உடன்பட மாட்டார்கள்.

பக்கவாட்டு மூச்சுக்குத்தான் அதிக நாள். தலையைத் தூக்கக் கூடாது, உடலோடு சேர்த்து உருட்ட வேண்டும். ஒரு கண் தண்ணீருக்குள்ளும் ஒரு கண் வெளியிலும் இருந்தால் அளவு சரி. முன்னே நீண்டிருக்கும் கை கீழே அமுங்காமல் இருக்க வேண்டும், அது அமுங்கினால் வாய்க்குத் தண்ணீர்தான் கிடைக்கும். இதற்கு ஒற்றைக் கைப் பயிற்சியும், பக்கவாட்டில் படுத்து ஆறு உதை உதைத்துப் பின் மறுபக்கம் உருளும் பயிற்சியும் நன்றாக உதவுகின்றன. இரு பக்கமும் மூச்செடுக்க வேண்டும் என்று முதல் மாதத்திலேயே கட்டாயப்படுத்தத் தேவையில்லை. எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கம், இரண்டு கைவீச்சுக்கு ஒருமுறை, தாராளமாக எடுக்கட்டும்.

கை கடைசி. முழங்கை உயர்ந்திருக்க, விரல்கள் முதலில் நீருக்குள் போக, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து நீரைப் பின்னே தள்ள வேண்டும். இதில் நான் விநாடிகளை எண்ணச் சொல்வதில்லை, 25 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணச் சொல்வேன். முப்பதுக்கு மேல் இருப்பவர் இருபத்தைந்துக்கு வந்தால், நேரம் குறையாவிட்டாலும் அவர் முன்னேறிவிட்டார். வலுவான ஆட்கள் இந்த எண்ணிக்கையைப் பார்த்து எரிச்சலடைவார்கள். பலத்தைக் கூட்டினால் எண்ணிக்கை குறைவதில்லை, பல நேரம் ஏறுகிறது.

வேகத்தைப் பற்றி ஒன்று. முதல் நீளத்தை வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக நீந்தச் சொல்வேன். பக்கத்துத் தடத்தில் பள்ளிச் சிறுவன் தாண்டிப் போவான், போகட்டும். திரும்பி வரும்போதும் அதே கைவீச்சு எண்ணிக்கை இருக்கிறதா என்பதுதான் சோதனை. இருந்தால் தூரத்தைக் கூட்டலாம். இல்லையென்றால் மூச்சில் கடன் ஏறுகிறது, குமிழிக்குத் திரும்ப வேண்டும்.

குடியிருப்புக் குளத்தில் பழகுபவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. குமிழி, மிதத்தல், உருளுதல் எல்லாவற்றுக்கும் அது போதும், கூட்டமும் இருக்காது. ஆனால் அதிலேயே 'முப்பது சுற்று போனேன், நாற்பது சுற்று போனேன்' என்று கணக்கு வைப்பதில் பொருளில்லை. வாரம் ஒருமுறையாவது உயிர்காப்பாளர் இருக்கும் 25 மீட்டர் குளத்துக்கும், ஓரளவு வந்தபின் 50 மீட்டர் குளத்துக்கும் போக வேண்டும். சென்னையில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் குளம் இருக்கிறது. முதல் நாள் கயிற்றை ஒட்டிய ஓரத் தடத்தில், பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு இறங்கலாம். நடுவில் முடியவில்லை என்றால் மல்லாந்து படுத்து மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும், அது தெரியாமல் அங்கே இறங்கக் கூடாது.